வர்றனுங்க

ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் அதையே சாக்காக வைத்து இறங்கியிருப்பேன், அடுத்த பஸ்ஸிலும் கூட்டம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா. ஈரோட்டிலிருந்து அந்தியூர், அங்கிருந்து டவுன் பஸ், இறங்கின இடத்தில் யாரைக் கேட்டாலும் நதியா வீட்டைக் காட்டுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் வீடு எந்த ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார். எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லிப் பழகியிருக்கலாம். துக்கம் கேட்கப் போகிறேனுங்க. யாருக்கு? பார்த்தே இராத பெண்ணுக்குங்க, குரல் மட்டும் தெரியும். குரல் மட்டும் தெரிந்தவர்கள் துக்கம் கேட்கப் போகலாமா? நதியாவின் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்று வலி என்று லீவு சொல்லியிருக்கிறேன், சொன்னதிலிருந்து நிஜமாகவே வலிக்கிறது. வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உனக்கெதுக்கு வேண்டாத வேலை என்றார், சொல்லிவிட்டு அவரேதான் வண்டியில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். இறங்கி, வர்றேன் என்றேன். பாத்துப் போ என்றார். நான் வர்றேன் என்கிறேன், அவர் போ என்கிறார், எங்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை.

ஊர் தாண்டியும் இந்த டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்கிறார். போய் நின்றதும் முதலில் என்ன சொல்வது? நான் ரேணுகாதேவி, எம்.ஏ. தமிழ், மெஷினுக்குத் தமிழ் சொல்லித் தருகிற வேலை என்றால் யாருக்குப் புரியும்? எங்கள் அம்மாவுக்கே புரியவில்லை. மெஷினுக்கு எதுக்குடி தமிழு, அது யாரோட பேசப் போகுது என்றாள். பேசத்தான் போகிறது, பேசிவிட்டது. மாசமாக இருக்கிற பெண்களுக்கு, செக்கப்புக்கு முந்தின நாள் மெஷினே போன் போடும். அன்பான தாயே வணக்கம் என்று ஆரம்பிக்கும், நாளை மருத்துவமனைக்கு வருவீர்களா என்று கேட்கும், பதிலைக் கேட்டு வருவார், வரமாட்டார் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். வரமாட்டார் என்று விழுந்தால் அந்த வீட்டுக்கு நர்ஸம்மா போவார். வருவார் என்று விழுந்தால் யாரும் போகமாட்டார்கள், அவளே வரப்போகிறாள், எதற்குப் போக வேண்டும்? நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், ஒரு நர்ஸம்மா எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார். அந்த மெஷின் பிரிக்கக் கற்றுக்கொண்டது எங்களிடம். ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இந்த ஜில்லாப் பெண்கள் பேசினதை நாள் பூராவும் கேட்டு, வருவார் என்றால் பச்சை, வரமாட்டார் என்றால் சிவப்பு, புரியாவிட்டால் மஞ்சள். நாங்கள் அழுத்தின நிறத்தைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொண்டது. குழந்தைக்குச் சொல்லித் தருகிற மாதிரி நினைச்சுக்கோங்க மேடம் என்று பிரசன்னா சொன்னான். குழந்தையென்றால் ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கும்.

பிரசன்னா எங்கள் தலைமை, சென்னைப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், எல்லோரையும் மேடம் என்பான், ஒருத்தரையும் அதட்டினது கிடையாது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஆரம்பத்தில் நான் நிறைய மஞ்சள் போட்டேன். மஞ்சள் அதிகமானால் மெஷின் கத்துக்காது மேடம், ஏன் இத்தனை மஞ்சள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். யாரோ ஒரு பெண், நாத்து நடவுங்க, ஆளில்லீங்க, பாக்கலாமுங்க என்று இழுத்துவிட்டுக் கடைசியில் செரிங்க வர்றனுங்க என்று முடித்தாள். வரேன்னுதானே சொல்றாங்க, பச்சை போடுங்க என்றான். அது வேற வர்றேன் சார், போய்ட்டு வர்றேங்கிற வர்றேன் என்றேன். வரேன்ல எத்தன வரேன் மேடம் இருக்கு என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அங்கேதான் நான் சிரித்திருக்கக் கூடாது. டியூஷன் பிள்ளைகளுக்கு நானேதான் நடத்தியிருக்கிறேன், அமங்கலமானதை மங்கலமான சொல்லால் சொல்வது மங்கலம், விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது, போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்பது. ஐந்து நிமிஷம் அவனை உட்கார வைத்து விளக்கியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பான், கேட்கிற பையன்தான். ஆனால் அன்றைக்கு எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை பெரிய வேலையில் இவ்வளவு சின்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா என்று. கடைசியா வர்ற வினைச்சொல்லை எடுத்துக்கோங்க மேடம், அதான் ரூல் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் நானும் பச்சைதான் போட்டேன், பக்கத்து சீட்டுக்காரர்களும் பச்சைதான் போட்டார்கள்.

பவானி. கூடுதுறை ஸ்டாப்பில் ஈரத் தலையோடு ஒரு குடும்பம் ஏறுகிறது, சாம்பல் கரைத்துவிட்டு வருகிறார்கள் போலிருக்கிறது, மொட்டை போட்ட மனிதர் ஒருவர் என் சீட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்கிறார். சித்தராஜும் இங்கேதான் வந்திருப்பார், நதியாவின் புருஷன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ கிணறு போட்டுக்கொண்டிருந்தவர், தகவல் போய், வந்து சேர்ந்தபோது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லையாம். இதெல்லாம் ஆபீஸில் பேசிக்கொண்டது. யாரும் வந்து பார்க்கவில்லை என்று புகார் வந்ததும் அந்தப் பதிவை எங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள், மெஷின் சரியாகத்தான் பிரித்ததா என்று பார்க்க. பிரசன்னா எல்லோரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். அன்பான தாயே வணக்கம். வணக்கமுங்க என்றாள் நதியா. மெஷினுக்கு ங்க போட்டுப் பேசினாள். நாளை மருத்துவமனைக்கு வருவீர்களா? "எங்கீங்க, சின்னதுக்குக் காச்சலுங்க, அவரும் வண்டீல போயிருக்காருங்க, அத்தைக்கு முட்டி வலிங்க. காலெல்லாம் ஊதிக் கெடக்குதுங்க, தலை வேற ரெண்டு நாளா ஒரே வலிங்க, கண்ணு மங்கலாத் தெரியுதுங்க." ஒரு டாக்டர் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே வண்டி அனுப்பியிருப்பார். மெஷினுக்கு அதெல்லாம் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. மறுபடியும் நாளை மருத்துவமனைக்கு வருவீர்களா என்றது, அதே இனிப்பான குரலில், ஒரு எழுத்து மாறாமல். மறுமுனையில் மனுஷர் இல்லை என்று அப்போதுதான் புரிந்திருக்குமோ, இல்லை, ஏதோ வேலையாக இருக்கிற பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டாளோ. தூரத்தில் பிள்ளை அழுகிற சத்தம், கொலுசுச் சத்தம். "செரிங்க, வர்றனுங்க." முடிந்தது. வருவார் என்று மெஷின் போட்டுக்கொண்டது. மறுநாள் அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்கு வலிப்பு வந்தது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டை எட்டுவதற்குள் இரண்டு உயிரும் போய்விட்டது.

யார் மேலயும் தப்பில்ல மேடம், டேட்டா அப்படி என்றான் பிரசன்னா. கண் கலங்கித்தான் சொன்னான். ஆனால் யார் மேலும் தப்பில்லை என்றால் தப்பு எங்கே போய் உட்காரும்? அதற்கும் ஒரு இடம் வேண்டுமே. பயனாளர் வருவதாக உறுதியளித்தும் வரவில்லை என்று எங்கள் கம்பெனியிலிருந்து புகாருக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டார்கள், அதை யாரோ அந்த வீட்டில் படித்தும் காட்டிவிட்டார்கள். ஆக, தப்பு நதியா மேல் போய் உட்கார்ந்துகொண்டது, எழுந்து மறுத்துப் பேச முடியாதவள் மேல். வர்றன்னு சொல்லிப்போட்டுப் போகாம இருந்துட்டா என்று மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை விசாரணை. அதிகாரிகள் கேட்பார்கள், அந்த வீட்டு ஆட்களும், ஆமாங்க, வர்றன்னு சொன்னாளாமுங்க, போகலீங்க என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, நாலு வருஷம் கழித்து, காய்ச்சலில் கிடந்த அந்தச் சின்னப் பெண், அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அதற்குத்தான் போகிறேன். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றுதான் சொன்னாள் என்று சொல்ல. சொன்னால் என் வேலை போகும். போகட்டும் என்று நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது, நினைத்த மறுநிமிஷமே மாசச் சம்பளத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன்.

அத்தாணி ரோடு பிரிகிற இடத்தில் பஸ் நின்று நின்று போகிறது. மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்கிறது, வெயிலைப் பார்த்தால் மதியம் போலிருக்கிறது, மணி இன்னும் பத்தரைதான். ஒருவேளை அவள் நிஜமாகவே வருகிறேன் என்று சொல்லியிருந்தால்? இது மட்டும் விடமாட்டேன் என்கிறது. மெஷின் நினைத்ததே சரியாக இருந்து, நான்தான் என் மனசு ஆறுவதற்காக ஒரு வார்த்தையைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறேனோ? அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டேன், கேட்கக் கேட்க வார்த்தை தேய்ந்து சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. சொந்தக்காரர்களோடு பேசினால் போனை வெக்கறேன் என்பார்கள், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று பெரிய இடத்துப் போன் வந்தால் நேரில் கைகட்டி நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு வர்றனுங்க என்பார்கள், எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. நதியா அந்த மரியாதையைத்தான் செய்தாள். பிள்ளை அழுதது, எழுந்தாள், விடைபெற்றுக்கொண்டாள். அப்பாவும் அப்படித்தான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை மட்டும் தூக்கி, வர்றன் சாமி என்றார். நானும் தலையாட்டினேன். கதவு மூடிக்கொண்டது. அப்பா வரவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை என்று அவரை நான் ஒரு நாளாவது குறை சொன்னேனா? அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் வரும், அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி நான் பச்சை போட்டேன்? எத்தனை பச்சை போட்டேன்? அதில் எத்தனை வர்றேன் போகிறேனாக இருந்தது? நதியாவின் பதிவுக்கு நான் நிறம் போடவில்லை, மெஷின்தான் போட்டது, ஆனால் மெஷினுக்கு விரல் ஏது.

அந்தியூரில் டவுன் பஸ் தயாராக நிற்கிறது, ஓடி ஏறிவிட்டேன். சந்தைக்கு வந்து திரும்புகிற பெண்கள், காலடியில் ஒரு கோழி, ஒயர் கூடையில் கத்தரிக்காய். முன் சீட்டுக்காரம்மா போனில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறார், மருந்து தின்னயா, தின்னயா என்று. எத்தனை தடவை கேட்கிறார். தின்னுட்டன் என்று மகள் சொல்லியிருப்பாள், இவர் நம்பவில்லை, பொய் சொல்லாதே, உன் குரலே செரியில்ல என்கிறார். அதுதான். மெஷின் கேட்டது வார்த்தையை, இவர் கேட்பது குரலை. ஆனால் அந்த மெஷினுக்கு வார்த்தையை மட்டும் கேள் என்று சொல்லித் தந்தது குரலைக் கேட்கத் தெரிந்த நாங்கள்தானே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு. எழவு வீட்டில் நடந்துகொள்வது எப்படி என்று எனக்குக் கல்யாணமான புதிதில் அம்மா சொல்லித் தந்தாள். அவர்கள் வா என்று சொல்லமாட்டார்கள், நீயாகப் போய் உட்கார வேண்டும், எழுந்து வரும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, அங்க மட்டும் வர்றேன்னு சொல்லிப்போடாதே, அப்புறம் அந்த வீட்டுக்குத் திரும்பவும் அப்படியொரு காரியத்துக்கே வர வேண்டியிருக்கும். ஊரெல்லாம் சொல்கிற வார்த்தை, ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்லக் கூடாது. அதையும் அந்த மெஷினுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ் வேப்பமரத்தடியில் நிற்கிறது, இறங்க வேண்டியதுதான், இறங்கிவிட்டேன்.

கேட்கவே தேவைப்படவில்லை. சந்துக்குள் தகரப் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது, வாடகை நாற்காலிகள் நாலைந்து. யாரும் வா என்று சொல்லவில்லை, நானாகப் போய் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தவர் சித்தராஜாகத்தான் இருக்க வேண்டும், நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகவில்லை. சின்னது அவர் மடியில் படுத்துக்கொண்டு செல்போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முட்டி வலிங்க என்று நதியா சொன்னது காதில் கேட்டது, நிஜமாகவே முட்டி வலிதான், அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. யாரு அம்மிணி நீ என்று கேட்டார். ஈரோட்டிலிருந்து வருகிறேன் என்றேன், அந்தப் போன் கம்பெனி என்றேன், சொல்லத் தொடங்கினதும் நிற்காமல் வந்தது, மெஷின், நிறம், கடைசி வினைச்சொல், அதற்கு அந்த வர்றேன் தெரியாது, நாங்கள் சொல்லித் தரவில்லை, நானும்தான் சொல்லித் தரவில்லை, உங்க மருமகள் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லைங்க. சொல்லச் சொல்ல எனக்கே அது ஏதோ கம்பெனிக்காரர்கள் சொல்கிற சமாதானம் மாதிரி இருந்தது. தமிழ் படித்து என்ன, ஒரு வார்த்தையை அந்த அம்மாவின் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. சித்தராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

"அதென்னமோ கண்ணு, எனக்கொண்ணும் வெளங்கல. வர்றன்னு சொன்னாளாமா இல்லியா? போன்ல பதிவாயிருக்குதாமா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருந்தா முட்டி போனாப் போவுதுன்னு நான் கூட்டிட்டுப் போயிருக்கமாட்டனா? அங்க வர்றன்னு சொல்லிப்போட்டு இங்க பேசாம படுத்துட்டாளே."

சொன்னாங்க, ஆனா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அழுகை வந்தது, இங்கே உட்கார்ந்து அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கினேன். அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் ஒரு சமாதானம் தேவையாகத்தான் இருந்திருக்கும், சொல்லியிருந்தால் கூட்டிப் போயிருப்பேன் என்கிற சமாதானம், அதைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள் நான். சின்னதின் செல்போனில் பொம்மைப் படம் முடிந்து வேறு ஏதோ பாட்டு ஓடியது. போதும், போய்விடலாம், வெள்ளிக்கிழமை அவர்கள் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளட்டும். எழுந்தேன். சேலையைச் சரி செய்தேன், பையை எடுத்தேன், பந்தல் காலைத் தாண்டினேன். முப்பத்தெட்டு வயது வரைக்கும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாய் தானாகச் சொல்கிற பேச்சு, பயணம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்ததாலோ என்னவோ, தடுக்க முடியவில்லை.

"வர்றனுங்கம்மா" என்றேன்.

"செரி கண்ணு, பாத்துப் போ" என்றார்.

அவருடைய வாயும் தானாகத்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, எழவு வீடு, சொல்லக் கூடாத பேச்சு. அவர் என்னை வைவார் என்று நின்றேன். வையவில்லை. முட்டியைத் தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. வர்றேன் என்றவளை இவர் போ என்று சொல்லியிருக்கிறார், அதை அவரே தன் காதால் கேட்டுவிட்டார். சித்தராஜ் மெல்லத் தலையைத் திருப்பித் தன் அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா பார்த்தது மகனை இல்லை, திறந்திருந்த கதவுக்கு உள்ளே சார்ஜில் போட்டபடி அலமாரியில் கிடந்த இன்னொரு போனை, நதியாவின் போனாகத்தான் இருக்க வேண்டும். "அய்யோ, போய்ட்டு வர்றனுங்கன்னுதானுங்களா என்ர சாமி சொன்னா" என்றார், என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அப்புறம் அழ ஆரம்பித்தார். அதுவரை அழுததெல்லாம் ஏமாற்றிவிட்டுப் போனவளுக்கு, இது நதியாவுக்கு. சித்தராஜ் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்க்காமல் சந்திலிருந்து வெளியேறி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். பஸ் வர நேரமாகும் என்றார்கள். எனக்கு ஒன்றும் லேசாகிவிடவில்லை, அவள் பொய் சொன்னவள் இல்லை என்று ஆனதும் பாரம் இருக்க வேண்டிய இடத்துக்கு, என்னிடம், வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சொல்லக் கூடாத வீட்டில் வர்றேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை இதே ஆட்கள் விசாரணைக்கு வந்து உட்காருவார்கள், இப்போது சொன்னதை அங்கே, அதிகாரிகள் முன்னால், பிரசன்னாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டும். அந்த மெஷின் நான் பேசினதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் வருவார் என்று போட்டுக்கொண்டிருக்கும். என் விஷயத்தில் அது தப்பாகப் போய்விடக் கூடாது.